வியாழக்கிழமை வண்டி

அந்த வெள்ளை வண்டி தெருமுனையில் வந்து நின்றதுமே நிமியாவுக்குக் கோபம் மூக்கு நுனிக்கு ஏறிவிட்டது.

விடிந்ததும் வருகிறேன் என்றவர்... தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்த பிறகு வருகிறார். மழையும் லேசுப்பட்ட மழையில்லை. பராகுவேயின் லூக்கே ஊரின் மேட்டுத் தெருக்களில் கொட்டியதெல்லாம் சிவப்பு மண்ணைக் கரைத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலை உரசியபடி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கிறிஸ்பின் கூரைக்குக் கீழே வயர் நாற்காலியில், மடியில் கம்பளியோடு, எப்போதோ தயாராகி உட்கார்ந்திருந்தார். இரண்டு காலும் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை.

டயாலிசிஸுக்குத் தாமதமாகப் போனால் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒரு தடவை தவறிப்போய், மறுநாள் அப்பாவுக்கு மூச்சு முட்டி உதடெல்லாம் நீலம் பாரித்ததை அவள் பார்த்திருக்கிறாள். இன்னொரு முறை பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

ஒரு கையில் குடை, இன்னொரு கையில் அப்பா. முழங்காலளவு தண்ணீரில் நடந்து போய் வண்டிக் கதவைத் திறந்தாள். அப்பாவை ஏற்றினாள். தானும் இடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"நல்லா இருக்குங்க உங்க நேரம். ஒரு சீக்காளிய இப்படி மழையில காக்க வெச்சிட்டு, நிதானமா வந்து தெருமுனையில நிக்கிறீங்களே... வாசல் வரைக்கும் வந்தா வண்டி கரைஞ்சிடுமா?"

ஓட்டுநர் இருக்கையில் இருந்தவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவன் பார்வை அப்பாவின் கால்களுக்குப் போயிற்று. வாயை மூடிக்கொண்டான்.

"எங்க போகணும்?" என்று மட்டும் கேட்டான்.

"அதுகூடத் தெரியாமலா வந்தீங்க?"

வழியெல்லாம் திட்டினாள். பயம் அவளுக்கு எப்போதுமே பேச்சாகத்தான் வெளியே வரும். ஒரே ஒரு துடைப்பான் கிறீச் கிறீச்சென்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது. வண்டிக்குள் என்னவோ ஒரு மணம்... இனிப்பாக, ஈரமண்ணோடு கலந்து. அவன் தண்ணீர் குறைவான சந்துகளாகப் பார்த்துப் பார்த்துத் திருப்பினான். ஒரு தடவை கண்ணாடியில் அவன் கண்கள் தெரிந்தன. தேன் நிறத்தில் பெரிய கண்கள். அவை சிரிப்பது போலிருக்க, அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

மருத்துவமனையில் அப்பாவை இறக்கும்போது அவன் அவருடைய இடது கையைப் பிடிக்கப் போனான். "அந்தக் கைய விடுங்க" என்று பதறினாள். ஊசி குத்துவதற்காகவே ஆபரேஷன் செய்து வைத்த நரம்பு அந்தக் கையில்தான் இருந்தது. அதை இழுத்தால் எல்லாம் போயிற்று. அவன் மறுபக்கம் போய் வலது தோளுக்குக் கீழே தாங்கிக்கொண்டான்.

அப்பாவை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். இடம் இன்னும் போகவில்லை. நிமியா காத்திருப்போர் கூடத்தில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியபோது செல்போன் அடித்தது. பிளாசிதா அக்கா. அவள் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவள்.

"எங்கடி இருக்கே? அனஸ்தாசியோ உங்க வீட்டு வாசல்ல நிக்கிறார். பாவம், கார் தண்ணியில நின்னுபோய், தள்ளிக்கிட்டே வந்தாராம்."

நிமியாவுக்குக் காது ஜிவ்வென்றது. அனஸ்தாசியோ அடுத்த தெருக்காரர், அப்பாவை ஏற்றிப் போக இன்றுதான் அவருக்கு முதல் முறை, அவள் அவரைப் பார்த்ததே கிடையாது. அப்படியானால்... இவ்வளவு நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் யார்?

அவன் கூடத்தின் மறுகோடியில் நின்றிருந்தான். காலடியில் இரண்டு மரப்பெட்டிகள். ஒன்றைத் திறந்து, காத்திருந்தவர்களுக்கெல்லாம் ஸ்ட்ராபெர்ரிப் பழம் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தான். நோயாளிகளுக்கு எத்தனை தரலாம் என்று நர்ஸிடம் கேட்க, அவள் ஆளுக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்றாள்.

நிமியா மெல்ல அவனிடம் போனாள்.

"நீங்க... யாரு?"

"தெர்லிஸ். அரெகுவாவுல பழத்தோட்டம்."

"அப்ப ஏன் எங்க தெருமுனையில நின்னீங்க?"

"தண்ணி வடியுமான்னு பாக்க நின்னேன்."

அவளுக்கு முகம் பற்றி எரிந்தது. "நான் அவ்வளவு பேசினேனே... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல எங்க விட்டீங்க?"

பழம் ஏற்றிக்கொண்டு மொத்தச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தவன் அவன். இனிப் போனால் வாங்க ஆளிருக்காது. அதை அவன் சொல்லவில்லை. பக்கத்தில் பழம் தின்றுகொண்டிருந்த ஒரு கிழவர் சொன்னார். அவள் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

நிமியாவின் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிறிஸ்பினுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன என்று தெரிந்த அன்று, பிளாசிதா அக்கா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். என்ன உதவி வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. செவ்வாய்க்கு யார் வண்டி, வியாழனுக்கு யார், சனிக்கு யார் என்று சொல்லிவிட்டு, மதியச் சாப்பாடு எந்தெந்த வீட்டிலிருந்து வரும், நிமியா பியூட்டி பார்லருக்கு வேலைக்குப் போகிற நேரத்தில் அப்பாவோடு யார் இருப்பது என்பதையும் சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு முன் எதிர்வீட்டுப் பெண்குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோதும் இப்படித்தான் நடந்தது. அப்போது வாரம் ஒருநாள் இரவுச் சாப்பாடு நிமியா வீட்டுப் பொறுப்பாக இருந்தது. யார் வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்தாரோ அந்த வீட்டுப் பக்கம் தெரு சாய்ந்துகொள்ளும். அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

கிறிஸ்பினுக்குத்தான் அது உறுத்தியது. வாழ்நாளெல்லாம் நகரப் பேருந்து ஓட்டியவர். ஊரையே ஏற்றி இறக்கியவர், இப்போது தன்னைப் பிறர் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. வண்டியில் ஏறும்போதெல்லாம் அவர் முகம் இறுகிப்போகும்.

அடுத்த வியாழக்கிழமை விடிந்து வெளிச்சம் பரவுவதற்குள் வாசலில் வண்டிச் சத்தம். நிமியா எட்டிப் பார்த்தாள். வெள்ளை வண்டி.

"நீங்களா... இன்னைக்கு அனஸ்தாசியோ வரணுமே?"

"அவர் வண்டி இன்னும் மெக்கானிக் கிட்ட இருக்கு. பிளாசிதா அக்காவைப் பாத்துப் பேசிட்டேன். இனிமே வியாழன் நான்தான்." அவன் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னான்: "போன வாரம் திட்டு பாதியில நின்னுபோச்சு. மிச்சத்தையும் கேட்டுடலாம்னு வந்தேன்."

அப்பா சிரித்துவிட்டார். வண்டியில் ஏறும்போது அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அப்படித்தான் ஆரம்பித்தது. இளவேனில் போய்ப் பொசுக்கும் வெயில் வந்தது. பராகுவே நாட்டில் வெயில் காலத்தில் தெரெரே இல்லாமல் ஒரு மனிதனால் இருக்க முடியாது. மாத்தே இலை திணித்த குவளையில் பனித்தண்ணீர் ஊற்றி, ஒரே உறிஞ்சியில் ஆள் மாற்றி ஆள் குடித்துக்கொண்டே இருப்பார்கள். கிறிஸ்பினுக்கு அது கூடாது. ஒருநாள் முழுவதற்கும் ஒரு சிறு குடுவைத் தண்ணீர்தான். அவர் நடந்து வருவதைப் பார்த்தாலே தெருவில் குவளைகள் முதுகுக்குப் பின்னால் மறையும். நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். அது அவருக்கு நோயைவிட அதிகமாக வலித்தது.

தெர்லிஸ் எதையும் மறைக்கவில்லை. அவன் வண்டியில் தெரெரே குடுவையே இருந்ததில்லை. குடிக்க மாட்டானோ என்று நிமியா நினைத்திருந்தாள். ஒருநாள் மருத்துவமனை வாசலில் சீப்பா ரொட்டி வாங்கப் போனவள், அப்பாவை உள்ளே அனுப்பிய பிறகு அவன் எதிர்க்கடையில் நின்று ஒரு பெரிய ஜாடித் தண்ணீரை மூச்சுவிடாமல் காலி செய்வதைப் பார்த்தாள். காலையிலிருந்து அவனும் சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை... அப்பாவுக்கு முன்னால் குடிக்கக் கூடாதென்று.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நெஞ்சுக்குள் என்னவோ நழுவியது.

அப்பா உள்ளே இருக்கும் நான்கு மணி நேரமும் அவர்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். அவள் பார்லரில் நடக்கும் கதைகளைச் சொல்வாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் தலைமுடியைப் பச்சையாக்கிக்கொண்ட பெண்ணின் கதையைக் கேட்டு அவன் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தான். அவன் தன்னைப் பற்றி அதிகம் சொன்னதில்லை. அம்மா இறந்துவிட்டாள், அக்கா வில்மா திருமணமாகிப் பக்கத்திலேயே இருக்கிறாள், பழம் பயிரிடுகிறேன். அவ்வளவுதான். சொல்லாத இடத்திலெல்லாம் அந்தக் கண்கள் இருந்தன.

அப்பாவின் கை நரம்பு அடைத்துக்கொண்டு மறுபடி ஆபரேஷன் என்றானபோது, தெருவில் நூடுல்ஸ் ஞாயிறு வைப்பதென்று பிளாசிதா அக்கா முடிவு செய்தாள். இந்த ஊர்களில் யாருக்காவது பெரிய வைத்தியம் என்றால் அதுதான் வழக்கம். ஆளாளுக்கு ஒரு பொருள் கொண்டுவருவார்கள், கூடிச் சமைப்பார்கள். ஊரே பாத்திரத்தோடு வந்து காசு கொடுத்துச் சாப்பாடு வாங்கிப் போகும்; அந்தக் காசு வைத்தியத்துக்கு.

அன்று தெர்லிஸ் விறகு கொண்டுவந்தான். அண்டாவில் கோழிக்குழம்பு கொதிக்க, புகையில் கண்கலங்க நின்று கிளறினான். நிமியா தக்காளி நறுக்கிக்கொண்டு வந்து கொட்டினாள். ஆவிக்கு அந்தப் பக்கம் அவன்... இந்தப் பக்கம் அவள். உப்புப் பார்க்க அவள் கரண்டியை நீட்ட, அவன் ஊதிக் குடித்துவிட்டு, "கொஞ்சம் கோபம் ஜாஸ்தி" என்றான். அவள் கரண்டியாலேயே அவன் முழங்கையைத் தட்டினாள்.

பக்கத்து வீட்டு ஓதிலோன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"வண்டி வாடகையை மாப்பிள்ளை நல்லாவே வசூல் பண்ணிக்கிறாரு போல."

எல்லோரும் சிரித்தார்கள். தெர்லிஸ் கிளறுவதை நிறுத்தினான். கிறிஸ்பின் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். பிறகு அவர் சாப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த மகளிடம் அவர் சொன்னார்:

"நான் பொழைச்சுக் கெடக்கறதுக்கு உன்னைக் கூலியா கொடுக்க மாட்டேன், நிமியா."

"யாருப்பா கேட்டா?"

"யாரும் கேக்கல. அந்தத் தம்பி கேக்கிற ஆளும் இல்ல. ஆனா நாளைக்கே கேட்டுட்டா, உன்னால முடியாதுன்னு சொல்ல முடியுமா? சொல்லிட்டு அடுத்த வியாழன் அதே வண்டியில என்னை ஏத்த முடியுமா?"

அன்று வெகுநேரம் யோசித்தாள். அப்பாவின் நோய் இல்லாமல், வெள்ளை வண்டி இல்லாமல் அவனை மனதில் நிறுத்திப் பார்த்தாள். வெறும் தெர்லிஸ். அப்போதும் அவன் அங்கே இருந்தானா... இல்லை, நன்றிதான் அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறதா? அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தன் மேலேயே கோபம் வந்தது.

அடுத்த வியாழக்கிழமை வாசலில் வந்து நின்றது ஒரு பச்சைக் கார். இறங்கியவர் எர்மினியோ என்ற முன்னாள் டாக்ஸிக்காரர். நேராக அப்பாவின் வலது பக்கம் போய்த் தோள் கொடுத்தார். பின்சீட்டில் முதுகுக்குத் தலையணை தயாராக இருந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் நிமியா.

"தெர்லிஸ்தான் சொல்லிக் கொடுத்தான். இடது கையைத் தொடக் கூடாதாமே. வேகத்தடையில மெதுவா ஏத்தணுமாமே. பச்சைத் தண்ணிய பத்திப் பேச்சே எடுக்கக் கூடாதாம். ரெண்டு தடவ என்னை இந்த வழியில கூட்டிட்டுப் போய்க் காட்டினான். இனிமே வியாழன் நான்தான்மா."

அவள் சரி என்றாள். வேறென்ன சொல்வது? நான்கு மணி நேரம் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஓதிலோனின் பேச்சுக்குப் பயந்து ஓடிவிட்டான் என்று முதலில் நினைத்தாள். அப்பா ஏதோ சொல்லியிருக்கிறார் என்று பிறகு நினைத்தாள். கேட்டபோது அப்பா, தாயின் மேல் ஆணையாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்றார். வந்தவனுக்குப் போகத் தெரியும், போகட்டும். நானாகப் போய்க் கேட்பேனா... மாட்டேன் என்று வீம்பாக இருந்தாள். அப்படியே வாரங்கள் போயின. பார்லரில் ஒருத்திக்கு ஒரு பக்கம் முடியை விரலளவு அதிகமாக வெட்டிவிட்டுத் திட்டு வாங்கினாள்.

கடைசியில் அப்பாதான் வாயைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, மரவள்ளிக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தவளிடமிருந்து கத்தியை வாங்கி வைத்தார்.

"கோவிச்சுக்கிட்டுப் போறவன் இவ்வளவு சொல்லிக் கொடுத்துட்டுப் போக மாட்டான். நான் அன்னைக்குச் சொன்னது அவனுக்கும் தோணியிருக்கு. என்னைவிடச் சீக்கிரமா தோணியிருக்கு. போய்க் கேட்டுட்டு வா. நான் பிளாசிதா வீட்டுல சாப்பிட்டுக்கறேன்."

பிறர் வீட்டில் சாப்பிடுகிறேன் என்று அப்பா தானாகச் சொன்னதை அவள் கவனித்தாள். கையால் பின்னிய பூவேலைச் சட்டையை எடுத்து உடுத்திக்கொண்டு கிளம்பினாள்.

அரெகுவாவில் பழக்காலம் முடிந்துவிட்டிருந்தது. சாலையோரப் பழக்கடைகள் மூடிக்கிடந்தன. விசாரித்துக்கொண்டு தோட்டத்தைக் கண்டுபிடித்தபோது அவளுக்கு வியர்த்து நனைந்திருந்தது. வில்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தம்பியின் அதே கண்கள், ஆனால் அவற்றில் சிரிப்பு இல்லை. யார் என்று கேட்காமலே ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து, பின்பக்கம் கையைக் காட்டினாள்.

நிழல்வலைக்குக் கீழே வரிசை வரிசையாக நாற்றுகள். தெர்லிஸ் குனிந்து மண் அணைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தவன் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த நாற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

"அப்பா... நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்கார். எர்மினியோ நல்லா ஓட்டுறார். வேகத்தடையில மெதுவா ஏத்துறார்." அவள் வலைக்குள் ஒரு அடி எடுத்து வைத்தாள். "ஏன் சொல்லாம போனீங்க?"

அவன் நாற்றைக் கீழே வைத்தான். கையைக் கால்சட்டையில் துடைத்தான். எதிரே பார்க்காமல் பேசினான்.

"எங்க அம்மா படுத்திருந்தப்ப, ஒருத்தர் ரொம்ப உதவியா இருந்தார். மருந்து, டாக்டர், எல்லாம். அம்மா போனப்புறம் அக்காவைக் கேட்டார். அக்காவால எப்படி முடியாதுன்னு சொல்ல முடியும்? கட்டிக்கிட்டா. அவரும் கெட்டவர் இல்ல. ஆனா அக்கா அவரைப் பாத்துச் சிரிச்சு நான் பாத்ததில்ல. அன்னைக்கு ஓதிலோன் சொன்னப்ப, உங்க முகத்தைப் பாத்தேன். வண்டி ஓட்டிக்கிட்டே நான் உங்ககிட்ட எதுவும் கேக்கக் கூடாதுன்னு தோணுச்சு. அதான் முதல்ல வண்டிக்கு வேற ஆள் பாத்தேன்."

"ஆள் கிடைச்சு எவ்வளவு நாளாச்சு... அப்புறம் கேக்க வரவேண்டியதுதானே?"

"ரெண்டு ஞாயிறு லூக்கே வரைக்கும் வந்தேன். கோயில் முன்னாடி வண்டிய நிறுத்திட்டு... திரும்பிட்டேன்."

"ஏன்?"

"பயம்."

வலைக்கு வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் துளிகள் பட்பட்டென்று வலையில் விழுந்தன. இருவரும் நகரவில்லை.

"இப்பக் கேளுங்க" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு நிமியா. நீங்க என்ன சொன்னாலும் வியாழக்கிழமை உங்க அப்பா நேரத்துக்குப் போய்ச் சேருவார். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

மழை வலுத்தது. வலையில் சலிக்கப்பட்டுப் பொடிப்பொடியாய் அவர்கள் மேல் தூவியது. அவள் கண்ணிமையில் நின்ற துளியைத் துடைக்கவில்லை.

"நான் நன்றி சொல்ல வேண்டியவங்க நிறையப் பேர் இருக்காங்க. பிளாசிதா அக்கா, அனஸ்தாசியோ, எர்மினியோ, அந்த நர்ஸம்மா, வாய்நீளம் ஓதிலோன் உட்பட. எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். அவங்க யாரையும் தேடிக்கிட்டு இந்த வெயில்ல ரெண்டு பஸ் மாறி நான் போனதில்ல."

அவன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"புதன்கிழமை ராத்திரி ஆனாலே எனக்குத் தூக்கம் வராது. அப்பாவை நினைச்சுத்தான்னு இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன்." அவள் குரல் தாழ்ந்தது. "அப்பாவை நினைச்சு இல்ல. உன்னை நினைச்சு."

உன்னை என்று வந்துவிட்டதை அவள் கவனித்தாள். திருத்திக்கொள்ளவில்லை.